நடுத்தர வயதில் விறைப்புக் குறைபாடு: ஏன் வருகிறது, என்ன செய்யலாம்

சர்க்கரை அளவைக் காட்டி, மருந்துச் சீட்டை வாங்கி, அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தவர், கதவுப்பிடியில் கை வைத்தபின் திரும்பி நின்று, "இன்னொரு விஷயம் டாக்டர்..." என்று இழுப்பார். அதற்குமேல் வார்த்தை வராது. வெளியே பெஞ்சில் அவருடைய மனைவி உட்கார்ந்திருப்பார். அடுத்த டோக்கன்காரர் எழுந்து வந்து கதவருகே நிற்பார். "உடம்பு முன்ன மாதிரி இல்ல" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சத்து மாத்திரை ஏதாவது எழுதித் தரமுடியுமா என்று கேட்பார். நீரிழிவு பார்க்கும் மருத்துவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. அந்த "முன்ன மாதிரி இல்ல" என்பதற்குள் பெரும்பாலும் ஒளிந்திருப்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்: விறைப்புக் குறைபாடு.

உடலுறவுக்குப் போதுமான அளவு ஆண்குறி விறைக்காமல் போவது, அல்லது விறைத்தாலும் அது நீடிக்காமல் தளர்ந்துவிடுவது, இந்த நிலை தொடர்ந்து சில மாதங்களாக இருந்துவருவது ஆகியவற்றையே மருத்துவம் இப்பெயரால் குறிக்கிறது. தொடர்ந்து என்ற சொல் இங்கே முக்கியமானது. இரவுப் பயணம் முடிந்து வந்த களைப்பிலோ, கல்யாண வீட்டில் கொஞ்சம் அதிகமாகக் குடித்துவிட்ட அன்றோ, கடன்காரர் வாசலில் வந்து நின்ற வாரத்திலோ ஒருமுறை முடியாமல் போனால் அது நோயாகாது. ஏறத்தாழ எல்லா ஆண்களுக்கும் ஏதோ ஒரு நாளில் அப்படி நேர்ந்திருக்கும். மூன்று மாதங்களுக்கும் மேலாகப் பெரும்பாலான முயற்சிகளில் இதே கதைதான் என்றால் மருத்துவரைப் பார்க்கவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

நம் ஊரில் இதற்கு வழங்கும் பெயர் "ஆண்மைக் குறைவு". என் பார்வையில், மருந்தைத் தேடுமுன் முதலில் கைவிடவேண்டியது இந்தப் பெயரைத்தான். நாட்டம் குறைவது, விறைப்பு வராதது, விந்து முந்துவது, பிள்ளைப்பேறு இல்லாதது என ஒன்றோடொன்று பெரிதாகத் தொடர்பில்லாத நான்கு நிலைகளை இந்த ஒரே சொல் ஒரு மூட்டைக்குள் கட்டிவிடுகிறது. விறைப்பில் சிக்கல் உள்ளவரின் விந்தணு எண்ணிக்கை முற்றிலும் சரியாக இருக்கலாம். குழந்தையில்லாதவருக்கு விறைப்பில் ஒரு குறையும் இல்லாதிருக்கலாம். நான்குக்கும் காரணங்கள் வேறு, மருத்துவமும் வேறு. போதாதென்று, சிறுநீரகத்திலோ கண்ணிலோ கோளாறு வந்தால் அந்த உறுப்பின் பெயரோடு நிற்கும் நாம், இங்கே மட்டும் ஆளின் தன்மையையே குறை சொல்லிவிடுகிறோம். அந்தப் பெயரைத் தன்மேல் ஒட்டிக்கொள்ள யாருக்கும் மனம் வராது என்பதால்தான் கதவுப்பிடி வரை பேச்சு எழுவதில்லை.

இது எவ்வளவு பரவலானது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் நகரைச் சுற்றி வாழ்ந்த 40 முதல் 70 வயது வரையிலான ஆண்களிடம் 1987-க்கும் 1989-க்கும் இடையே ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவுகள் 1994-இல் வெளியாயின. அவர்களில் 52 விழுக்காட்டினர் லேசாகவோ கடுமையாகவோ ஏதோ ஓர் அளவில் இச்சிக்கல் இருப்பதாகச் சொன்னார்கள். விறைப்பே வராத நிலையில் இருந்தவர்கள் 40 வயதில் 20 பேருக்கு ஒருவராகவும், 70 வயதில் ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவராகவும் இருந்தனர். வயது ஏற ஏறக் கூடுகிறது என்பது உண்மைதான். ஆனால் 70 வயதிலும் பெரும்பாலானோர் முழுமையாக இழந்துவிடவில்லை என்பதும் அதே கணக்குக்குள் இருக்கிறது. "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்று தள்ளிவிடக்கூடியது அல்ல இது.

விறைப்பு எப்படி நிகழ்கிறது

காரணங்களைப் புரிந்துகொள்ள, உள்ளே நடப்பதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஆண்குறிக்குள் எலும்பும் இல்லை, கை கால்களில் இருப்பதுபோன்ற தசையும் இல்லை. நீளவாக்கில் இரண்டு உருளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றின் உட்புறம் பஞ்சைப்போல நுண்ணறைகளால் ஆனது. வெளிப்புறத்தை அதிகம் நீளாத, உறுதியான ஓர் உறை மூடியிருக்கிறது. சாதாரண நேரத்தில் இந்தப் பஞ்சின் சுவர்களிலுள்ள மெல்லிய தசைகள் இறுகியே இருக்கும். ஆகையால் இரத்தம் சிறிதளவே உள்ளே வரும். தளர்ந்த குறியில் தசை இறுகியிருக்கிறது, தசை தளரும்போதுதான் குறி விறைக்கிறது என்பது கேட்பதற்கு முரணாகத் தோன்றினாலும் அதுதான் உண்மை.

ஆசை எழும்போது மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக நரம்புச் செய்தி வருகிறது. நரம்பு முனைகளும் இரத்தக்குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. அதன் தூண்டுதலால் தசைக்குள் சைக்ளிக் ஜிஎம்பி என்ற வேதிப்பொருள் பெருகுகிறது, தசை தளர்கிறது, தமனி விரிகிறது, இரத்தம் பாய்கிறது. பாய்ந்த இரத்தம் ஏன் உடனே வெளியேறுவதில்லை? சைக்கிள் டயருக்குள் டியூபைப் போட்டுக் காற்றடிப்பதை நினைத்துக்கொள்ளலாம். டியூப் உப்பி டயரின் உட்சுவரோடு ஒட்டிக்கொள்ளும்போது, இரண்டுக்கும் நடுவே ஏதாவது கிடந்தால் நசுங்கிப்போகும். அதேபோல, இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகள் பஞ்சுக்கும் உறைக்கும் நடுவேதான் கிடக்கின்றன. பஞ்சு உப்ப உப்ப அவை நசுங்கி அடைபடுகின்றன. உள்ளே வந்தது உள்ளேயே நிற்கிறது. எல்லாம் முடிந்தபின் பிடிஇ5 என்ற நொதி சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்க, தசை மறுபடி இறுகிப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இந்த நொதியின் பெயர் பின்னால் மாத்திரைகளைப் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

ஆக, நரம்பு செய்தி கொண்டுவரவேண்டும், குழாய் விரியவேண்டும், பஞ்சு மீள்தன்மையோடு உப்பவேண்டும், மனம் குறுக்கே நிற்காமல் இருக்கவேண்டும். இவற்றில் எது பழுதானாலும் விளைவு ஒன்றுதான்.

சின்னக் குழாய் முதலில் அடைபடும்

நடுத்தர வயதில் மிகப் பெரும்பாலும் பழுதாவது குழாய்தான். ஒரு மனிதரைக் கற்பனை செய்துகொள்வோம். ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம், வயது 48, எட்டு வருடமாகச் சர்க்கரை, நான்கு வருடமாக இரத்த அழுத்தம். காலை எட்டு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு பத்துக்குத்தான் எழுவார். நாளைக்கு ஆறேழு சிகரெட். வயிறு பெல்ட்டுக்கு மேலே வந்துவிட்டது. ஒரு வருடமாக விறைப்பு சரியில்லை. ஆறு மாதமாக முயற்சியே செய்வதில்லை. அவருடைய கணக்கில் இது வேலைப் பளு.

அவர் உடலுக்குள் நடப்பது வேறு. உயர்ந்த சர்க்கரை, புகை, கெட்ட கொழுப்பு, அழுத்தம் ஆகிய நான்கும் இரத்தக்குழாயின் உட்சுவரைத்தான் முதலில் கெடுக்கின்றன. நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கவேண்டிய இடம் அதுதான். சுவர் கெட்டால் வாயு குறையும். குழாய் விரிய மறுக்கும். நாளடைவில் கொழுப்புப் படிந்து குழாய் குறுகும். இது உடலெங்கும் ஒரே சமயத்தில் நடக்கிறது. ஆனால் குறிக்குச் செல்லும் தமனியின் உள்விட்டம் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். இதயத்துக்கு இரத்தம் தரும் தமனியோ 3 முதல் 4 மில்லிமீட்டர். வீட்டுக் குழாய்களில் உப்புப் படியும்போது மெல்லிய குழாய் முதலில் நின்றுபோவதைப்போல, இங்கும் சின்னதுதான் முதலில் தகராறு செய்கிறது. நெஞ்சுவலி வருவதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே விறைப்புக் குறைபாடு தலைகாட்டிவிடுவதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன.

ஆகவே 48 வயதில் புதிதாக வந்த விறைப்புக் குறைபாட்டை மாரடைப்பின் முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்வதே மருத்துவ நடைமுறை. ஈரோட்டுக்காரர் மாத்திரை கேட்டு வந்தால் நல்ல மருத்துவர் முதலில் அவருடைய இதயத்தைப் பற்றித்தான் விசாரிப்பார். நின்று மூச்சு வாங்காமல் இரண்டு மாடி ஏறமுடிகிறதா, ஏறும்போது மார்பில் இறுக்கம் வருகிறதா என்று கேட்பார். உடலுறவுக்கு இதயம் செலவிடும் உழைப்பு ஏறக்குறைய அந்த இரண்டு மாடி அளவுதான்.

சர்க்கரை நோய் இங்கே இரட்டை வேடம் போடுகிறது. குழாயைக் கெடுப்பதோடு, செய்தி கொண்டுவரும் நுண்ணரம்புகளையும் அது அரிக்கிறது. பாதத்தில் எரிச்சலும் மரத்துப்போதலும் வருவது எந்தக் காரணத்தாலோ அதே காரணம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தலைமையில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி என்று கணக்கிட்டது. அவர்களில் நடுத்தர வயது ஆண்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால், கதவுப்பிடிக் காட்சி தினமும் எத்தனை ஊர்களில் நடக்கும் என்பது விளங்கும்.

குழாயை விட்டால் அடுத்துச் சந்தேகிக்கவேண்டியது மருந்துப்பெட்டியை. இரத்த அழுத்தத்துக்குத் தரும் அட்டினலால் போன்ற பழைய பீட்டா தடுப்பு மாத்திரைகள், சிறுநீரைப் பெருக்கி அழுத்தத்தைக் குறைக்கும் தையசைடு வகை, மனச்சோர்வுக்கும் மனநோய்க்கும் தரும் சில மருந்துகள், புராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கும் வழுக்கைக்கும் தரும் பினாஸ்டிரைடு ஆகியவை சிலருக்கு விறைப்பையோ நாட்டத்தையோ குறைக்கும். இதைப் படித்துவிட்டு யாரும் நாளையே மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் அதே குழாய்கள் இன்னும் வேகமாகக் கெடும். எந்த மாத்திரை தொடங்கிய எத்தனை வாரத்தில் சிக்கல் வந்தது என்று குறித்துக்கொண்டுபோய்ச் சொன்னால், மாற்று மருந்து எழுதுவது மருத்துவருக்கு எளிது.

ஹார்மோன் குறைவு, அதாவது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு, மக்கள் நினைக்கும் அளவுக்குப் பொதுவான காரணமல்ல. அது குறைந்தால் முதலில் அடிபடுவது நாட்டம்தான். காலை விறைப்பு மறைதல், காரணமில்லாச் சோர்வு, தசை குறைந்து வயிற்றுக் கொழுப்பு கூடுதல் ஆகியவை கூடவே வரும். தைராய்டு கோளாறும், புரோலாக்டின் என்ற ஹார்மோன் மிகுவதும் சிலருக்குக் காரணமாக அமையும். நாட்பட்ட சிறுநீரக நோய், குறட்டையோடு கூடிய தூக்க மூச்சுத்தடை, புராஸ்டேட் புற்றுக்கான அறுவை, இடுப்பெலும்பு அல்லது தண்டுவடக் காயம், உறையில் தழும்பு விழுந்து குறி வளைந்துபோதல் ஆகியவற்றையும் மருத்துவர் மனதில் வைத்துக்கொண்டுதான் கேள்வி கேட்பார்.

மனம் குறுக்கே நிற்கும்போது

ஒருமுறை தோற்றவர் அடுத்த முறை படுக்கைக்குப் போகும்போது, வருமா வராதா என்று தன்னைத்தானே பரீட்சை வைத்துக்கொள்கிறார். அந்தப் பதற்றத்தில் அட்ரினலின் சுரக்கிறது. அட்ரினலினின் வேலை தசையை இறுக்குவது. இறுகிய தசைக்குள் இரத்தம் வராது. பயந்தது நடந்துவிடுகிறது. அடுத்த முறை பயம் இரண்டு மடங்காகிறது. இந்தச் சுழலுக்குள் சிக்கியவர் படிப்படியாகக் கடையிலேயே தாமதிப்பார், ஹாலில் டிவி பார்த்தபடி தூங்கிப்போவார், கடைசியில் தனி அறைக்கு மாறிவிடுவார். மனைவிக்கோ வேறு சந்தேகம். தன்னைப் பிடிக்காமல் போய்விட்டதா, வெளியே யாராவது இருக்கிறார்களா என்று அவர் தனியே குமைந்துகொண்டிருப்பார். இரண்டு பேருமே வாய்திறப்பதில்லை.

உடலா மனமா என்று பிரித்தறிய ஒரு எளிய தடயம் உண்டு. நலமான ஆணுக்கு இரவில் கனவுத் தூக்கம் வரும் பொழுதுகளில் மூன்று முதல் ஐந்து முறை தானாகவே விறைப்பு வந்துபோகும். விடியற்காலை விறைப்பு அதன் கடைசித் தவணை. தூங்கும்போது பரீட்சை பயம் கிடையாது. எனவே காலையில் நன்றாக விறைக்கிறது, தனிமையில் விறைக்கிறது, மனைவியோடு மட்டும் முடியவில்லை, அதுவும் திடீரென்று ஒருநாள் தொடங்கியது என்றால் குழாயும் நரம்பும் சரியாக இருக்கின்றன, சிக்கல் மனதில் என்று கொள்ளலாம். மெதுவாக, மாதக்கணக்கில் தேய்ந்துவந்தது, காலையிலும் இல்லை என்றால் உடற்காரணம். நடுத்தர வயதில் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும்: குழாய் பாதி கெடுத்தது, பயம் மீதியைக் கெடுத்தது.

இங்கே நம் நாட்டுக்கே உரிய இன்னொரு சுமையும் சேர்கிறது. இளமையில் கைப்பழக்கத்தால் விந்து விரயமானதால்தான் இப்போது இப்படி என்று நம்புகிறவர்கள் படித்தவர்களிலும் ஏராளம். விந்து வீணானதால் உடல் தேய்கிறது என்ற இந்த அச்சத்துக்கு மனநல மருத்துவர் என். என். விக் 1960-இல் தாது நோய்க்குறி என்று பெயரிட்டார். விந்து என்பது அன்றாடம் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும் ஒரு சுரப்பு. அதற்கென்று வங்கியில் இருப்பு எதுவும் இல்லை. சுய இன்பத்தால் பிற்காலத்தில் விறைப்பு கெடும் என்பதற்கு ஆதாரமே கிடையாது. ஆனாலும் "வாலிப வயோதிக அன்பர்களே" என்று தொடங்கும் விளம்பரங்களின் மூலதனம் முழுவதும் இந்த அச்சம்தான்.

மருத்துவரிடம் என்ன நடக்கும்

பலர் அஞ்சுவதைப்போலப் பெரிய சோதனைகள் எதுவும் முதலில் இல்லை. பத்து நிமிடப் பேச்சு, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, இடுப்புச் சுற்றளவு, குறியையும் விரையையும் ஒருமுறை பார்த்தல். இரத்தத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, கொழுப்பு, சிறுநீரகச் செயல்பாடு. டெஸ்டோஸ்டிரோனைக் காலை வேளையில்தான் எடுக்கவேண்டும். பகல் ஏற ஏற அதன் அளவு இறங்கிவிடும். ஒருமுறை குறைவாக வந்தாலும் இன்னொரு நாள் காலையில் மறுபடி எடுத்துப் பார்த்தபிறகே முடிவுக்கு வருவார்கள். குறியின் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் சிலருக்கு மட்டுமே தேவை. முதல் நாளே எல்லாவற்றையும் எழுதித் தரும் இடத்தில் கொஞ்சம் யோசிப்பது நல்லது.

சிகிச்சையில் முதல் படி யாருக்கும் உற்சாகம் தராத படி: எடை, நடை, புகை, மது. ஆனால் அதற்குப் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. இத்தாலியில் 35 முதல் 55 வயதுக்குட்பட்ட, உடல் பருமனும் விறைப்புக் குறைபாடும் கொண்ட 110 ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். அவர்களில் சர்க்கரை நோயாளிகள் இல்லை. ஒரு குழுவினருக்கு, உணவைக் கட்டுப்படுத்தி, உடற்பயிற்சி செய்து, எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க விரிவான வழிகாட்டுதல் தரப்பட்டது. மற்றக் குழுவுக்குப் பொதுவான அறிவுரை மட்டும். 2004-இல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டுகளில் முதல் குழுவின் 55 பேரில் 17 பேருக்கு விறைப்பு இயல்புக்குத் திரும்பியிருந்தது. இரண்டாவதில் 3 பேருக்கு மட்டுமே. மாத்திரை எதுவும் இல்லாமல் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். ஈரோட்டுக்காரருக்குச் சர்க்கரை இருப்பதால் அவ்வளவு முழுமையான மீட்சி கிடைக்காமல் போகலாம். இருந்தாலும் சிகரெட்டை நிறுத்துவதும் எச்பிஏ1சியை இறக்குவதும் அவருடைய குறிக்கும் இதயத்துக்கும் ஒரே செலவில் நடக்கும் பராமரிப்பு.

மாத்திரைகள்: எப்படிச் சாப்பிடுவது, யார் தொடவே கூடாது

விறைப்புக் குறைபாட்டுக்கான மாத்திரையான சில்டனாபில் பிறந்த கதை சுவையானது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் சாண்ட்விச் என்ற ஊரிலிருந்த ஃபைசர் மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் இதய வலிக்கென்று உருவாக்கிய மூலக்கூறு அது. இதய வலிக்குப் பெரிதாக உதவவில்லை. ஆனால் சோதனையில் பங்கேற்ற ஆண்கள் வேறொரு விளைவைச் சொன்னார்கள். 1998 மார்ச்சில் அமெரிக்கா வயாக்ரா என்ற பெயரில் இதற்கு அனுமதி அளித்தது. அதே 1998-இல்தான், இரத்தக்குழாய்களில் நைட்ரிக் ஆக்சைடு செய்தி கடத்துகிறது என்று கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் பரிசும் கிடைத்தது.

மாத்திரை செய்வது ஒன்றே ஒன்றுதான்: சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைக்கும் பிடிஇ5 நொதியைத் தடுக்கிறது. வந்த செய்தி சீக்கிரம் அழியாமல் காக்கிறது. செய்தியைத் தானே உண்டாக்குவதில்லை. ஆகையால் மாத்திரை போட்டுக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தால் ஒன்றும் நடக்காது. தொடுதலும் ஆசையும் வேண்டும். "போட்டுப் பார்த்தேன், வேலை செய்யல" என்று வருபவர்களில் கணிசமானோர் தவறாகச் சாப்பிட்டவர்களே. சில்டனாபிலைச் சுமார் ஒரு மணி நேரம் முன்னதாக, வயிறு நிறைய பிரியாணி சாப்பிடாத நிலையில் போடவேண்டும். கொழுப்பு மிகுந்த உணவு அதன் வேகத்தைக் குறைத்துவிடும். அதன் வீரியம் சில மணி நேரம். டடாலபில் என்ற இன்னொரு மருந்தின் வீரியம் 36 மணி நேரம் வரை நிற்கும்; உணவால் பாதிக்கப்படாது; 5 மில்லிகிராம் என்ற சிறு அளவில் தினமும் சாப்பிடும் முறையும் உண்டு. புராஸ்டேட் வீக்கமும் கூட இருப்பவர்களுக்கு அது இரண்டுக்கும் உதவும். ஒரு தடவை பலிக்காததால் மருந்து தோற்றுவிட்டது என்று முடிவுகட்டக்கூடாது. சரியான முறையில், சரியான அளவில் ஆறேழு தடவையாவது முயன்றபின்பே அப்படிச் சொல்லலாம்.

தலைவலி, முகம் சிவந்து சூடாதல், மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல், டடாலபிலில் முதுகுவலி ஆகியவை பொதுவான பக்கவிளைவுகள். சில்டனாபில் சிலருக்குப் பார்வையில் நீலச்சாயல் காட்டும்; அது தற்காலிகமானது. பார்வையோ கேட்கும் திறனோ திடீரென்று மங்கினால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். பழகிப்போய்விடுமோ என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. இவை போதையூட்டுபவை அல்ல. நுரையீரல் இரத்த அழுத்தம் மிகுந்த குழந்தைகளுக்கே இதே சில்டனாபில் தரப்படுகிறது என்று சொன்னால் பலர் வியப்பார்கள்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் மறக்கவே கூடாது. நைட்ரேட் மருந்து சாப்பிடும் இதய நோயாளிகள், அதாவது நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் சார்பிட்ரேட் போன்றவற்றைப் பயன்படுத்துபவர்கள், இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது. இரண்டும் ஒரே பாதையில் குழாயை விரிப்பதால், சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரிந்துவிடும். சில்டனாபில் போட்டபின் 24 மணி நேரத்துக்கும், டடாலபில் போட்டபின் 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் தரக்கூடாது. இதில் வெட்கம் உயிரை வாங்கும் இடம் ஒன்று இருக்கிறது. மாத்திரை போட்ட இரவில் நெஞ்சுவலி வந்து மருத்துவமனைக்கு ஓடுபவர், கூட வந்த மகனின் முன் சொல்லக் கூசி மறைத்துவிட்டால், அங்கே முதல் வேலையாக நாக்கின் கீழ் வைப்பது அந்த நைட்ரேட்டாகவே இருக்கலாம். புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் போன்ற மருந்து எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லி, குறைந்த அளவில் தொடங்கவேண்டும்.

சில்டனாபில் இந்தியாவில் மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கப்படவேண்டிய மருந்து. ஆனால் தெருமுனை மருந்துக்கடையில் குரலைத் தாழ்த்திக் கேட்டாலே கிடைத்துவிடும் என்பது ஊரறிந்தது. ஈரோட்டுக்காரர் அப்படி வாங்கிச் சாப்பிட்டால், இதயத்தைப் பற்றிய அந்தக் கேள்வியை யாருமே அவரிடம் கேட்டிருக்கமாட்டார்கள்.

இன்னொரு கடை, லாட்ஜ் அறையில் மாதத்துக்கு இரண்டு நாள் முகாம் போடுபவர்களுடையது. பாலியல் திறனைக் கூட்டுவதாக மருந்துகளுக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் சட்டமே தடைசெய்கிறது. எழுபது ஆண்டுகளாகச் சட்டமும் இருக்கிறது, சுவரொட்டியும் இருக்கிறது. முறையாகப் படித்துப் பதிவுபெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவர்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மூலிகை என்று சொல்லி விற்கப்படும் "உடனடி" லேகியங்கள்தான் ஆபத்து. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இயற்கை என்று முத்திரையிட்ட இத்தகைய பொருள்களில் அளவு குறிப்பிடாமல் சில்டனாபிலே கலந்திருப்பதைப் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. லேகியம் அரை மணி நேரத்தில் அற்புதம் செய்தால் மகிழ்வதைவிடச் சந்தேகப்படுவதே சரி. சார்பிட்ரேட் சாப்பிடுபவர் அதைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம்.

மாத்திரைக்கு அடங்காதபோது

எல்லோருக்கும் மாத்திரை பலிப்பதில்லை. சர்க்கரை நோயுள்ள ஆண்களிடம் சில்டனாபிலைச் சோதித்து 1999-இல் வெளியான ஆய்வில் 56 விழுக்காட்டினருக்கு முன்னேற்றம் தெரிந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் அது 10 விழுக்காடு. மீதிப் பேருக்கும் வழி உண்டு.

குறியின் மேல் ஒரு குழாயைப் பொருத்திக் காற்றை உறிஞ்சி, இரத்தத்தை இழுத்து, அடியில் ரப்பர் வளையத்தைப் போட்டுத் தடுக்கும் வெற்றிடக் கருவி மருந்தே இல்லாத முறை. வளையத்தை அரை மணி நேரத்துக்குள் எடுத்துவிடவேண்டும். கொஞ்சம் இயந்திரத்தனமாக இருப்பதால் பலர் சில மாதங்களில் அலமாரியில் போட்டுவிடுகிறார்கள்.

ஊசி முறையின் வரலாற்றில் ஒரு நாடகமே இருக்கிறது. 1983-இல் லாஸ் வேகாஸில் நடந்த சிறுநீரக அறுவை மருத்துவர்கள் மாநாட்டில், ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி பேச வருவதற்குமுன் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டு வந்து, விளைவைச் சபையோருக்கு நேரிலேயே காட்டிவிட்டார். மருந்தைப் பஞ்சுக்குள் நேரடியாகச் செலுத்தினால் நரம்புச் செய்தியே இல்லாவிட்டாலும் விறைப்பு வரும் என்று அதற்குமேல் யாருக்கும் நிரூபிக்கவேண்டியிருக்கவில்லை. இன்று ஆல்ப்ரோஸ்டடில் போன்ற மருந்தை மெல்லிய ஊசியால் செலுத்த நோயாளிக்கே கற்றுத்தருகிறார்கள். பத்துப் பதினைந்து நிமிடங்களில் விறைக்கும். முதல் ஊசியை மருத்துவமனையில் போட்டுத்தான் அளவைத் தீர்மானிக்கவேண்டும். விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் தணியாவிட்டால் அது அவசர நிலை. விடியட்டும் என்று காத்திருந்தால் உள்ளிருக்கும் பஞ்சு நிரந்தரமாகச் சேதமடையும்.

எதுவும் பலிக்காதபோது அறுவை செய்து உள்ளே செயற்கைத் தண்டுகளைப் பொருத்தலாம். வேண்டியபோது நிமிர்த்திக்கொள்ளும் வளையும் தண்டு ஒரு வகை. விரைப்பையிலுள்ள சிறு பம்பை அழுத்தினால் உப்பும் வகை இன்னொன்று, அது 1973-இல் அறிமுகமானது. செலவு அதிகம் என்றாலும் பொருத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோர் திருப்தியோடு இருக்கிறார்கள். ஆனால் இது திரும்பிவர முடியாத பாதை; தண்டை வைத்தபின் இயற்கையான விறைப்பு மீளாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் தொற்று அபாயமும் உண்டு.

டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் களிம்பும், குறைவு உறுதியானவர்களுக்கு மட்டுமே. குறைவில்லாதவருக்கு அதனால் விறைப்பு கூடாது. மாறாக, வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் விரைகள் தம் வேலையைக் குறைத்துக்கொள்வதால் விந்தணு உற்பத்தி விழுந்துவிடும். இன்னும் குழந்தை வேண்டும் என்றிருப்பவர் இதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். அதிர்வலை, பிளாஸ்மா ஊசி, ஸ்டெம்செல் என்று பெருநகரங்களில் விளம்பரமாகும் முறைகளுக்கு, கேட்கப்படும் தொகைக்கு ஏற்ற உறுதியான ஆதாரம் இன்னும் சேரவில்லை.

பயமே முதன்மைக் காரணமாக உள்ளவர்களுக்கு ஆலோசனைச் சிகிச்சை நன்றாக உதவுகிறது. சில வாரங்களுக்கு உடலுறவே கூடாது, தொட்டுக்கொள்ளுதல் மட்டும் போதும் என்று தம்பதியருக்குச் சொல்லும் ஒரு முறை உண்டு; பரீட்சையை ரத்து செய்துவிட்டால் பயத்துக்கு வேலை இல்லை. பலருக்குச் சில மாதம் மாத்திரையும் கூடவே ஆலோசனையும் தந்து, நம்பிக்கை திரும்பியபின் மாத்திரையை விலக்கிக்கொள்வார்கள். மனைவியும் உடன் வருவது இங்கே பெரிய உதவி. மாதவிடாய் நிற்கும் வயதில் அவருக்கும் வறட்சியும் வலியும் இருக்கக்கூடும். அதற்கும் எளிய மருத்துவம் உண்டு. கணவருக்கு மட்டும் மாத்திரை கொடுத்து அனுப்பினால் பாதிச் சிக்கல் வீட்டிலேயே இருக்கும்.

பார்க்கவேண்டியது யாரை என்றால், ஏற்கெனவே சர்க்கரையோ அழுத்தமோ பார்க்கும் மருத்துவரிடமே தொடங்கலாம். தேவைப்பட்டால் அவர் சிறுநீரக அறுவை மருத்துவரிடமோ ஆண்களின் பாலியல் நலம் பார்க்கும் ஆண்ட்ராலஜிஸ்டிடமோ மனநல மருத்துவரிடமோ அனுப்புவார். போகும்போது, தினமும் சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லவேண்டும். நண்பர் கொடுத்தது, கடையில் கேட்டு வாங்கியது, பீரோவில் துணிக்கடியில் வைத்திருக்கும் லேகிய டப்பா ஆகியவையும் அந்தப் பைக்குள் இருக்கவேண்டும். உட்கார்ந்தவுடன் பையை மேசைமேல் வைத்துவிட்டால், எங்கிருந்து பேச்சைத் தொடங்குவது என்று தவிக்கவேண்டியிருக்காது. அந்த டப்பாவைப் பார்த்ததும் மருத்துவரே கேட்டுவிடுவார்.